ஏழரை செம்பு

மாதம் ஒருநாள் கணபதியில் பவர் கட்.
லேத் நிற்கும். பையன்களுக்கு லீவு.
காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறிவிடுவேன்.
கைப்பையில் ஒரு குட்டித் தராசு,
பத்து மடங்கு காட்டும் லென்ஸ்,
வழிக்கு இரண்டு கச்சாயம்.

செவ்வாய்ப்பேட்டை அர்த்தநாரி
பழசு வாங்கி உருக்கி
கொலுசுக்காரர்களுக்குக் கட்டியாய் விற்பவர்.
நான் எடுத்து வைப்பதைப் பார்த்தால்
அவருக்குப் பாவமாய் இருக்கும்.
"இது சுத்தமில்லீங்க அம்மிணி,
நூத்துக்கு ஏழரை செம்பு."
ஏழரை என்றாலே நமக்குச் சனி.
செய்தவர்களுக்கு அதுதான் கணக்கு:
செம்பு சேராத வெள்ளி
கெட்டிச் சோற்றில் குத்தினாலே வளையும்.

காம்பின் முதுகில் எறும்பளவு குறிகள்.
ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம்,
ஓர் எழுத்து, ஒரு நங்கூரம்.
நங்கூரம் குத்திய அந்த ஊரில்
கடலே கிடையாதாம்.
பட்டறை உண்டு, புகை உண்டு,
இரும்பு ராவுகிற சத்தம் உண்டு.
எங்கள் ஊர்தான், வேறு குளிரில்.

சேர்த்தது அதிகமில்லை.
நீலக் கண்ணாடி உடைந்துபோன கடுகுச் சிமிழ்.
மூடி இறுகிய மூக்குப்பொடி டப்பி,
திறக்க முயன்றதில்லை.
ஈ.எம். என்று பொறித்த ஒரு வளையம்.
"யாரு கொழந்தைக்குங்க ஒத்தைத் தண்டை?"
என்றாள் பட்டறை கூட்டும் மாராத்தாள்.
வாய் துடைக்கும் துணிக்கு என்று
நான் சொல்லவில்லை.

இந்த மாதம்
வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களா ஏலத்தில்
பன்னிரண்டு கரண்டி வந்திருக்கிறது.
நான் போவதற்குள் ஏழு மூசையில் இறங்கிவிட்டன.
எட்டிப் பார்த்தேன்.
சிங்கமும் இல்லை நங்கூரமும் இல்லை,
முகம் சுடுகிற ஒரு வெளிச்சம்.
"ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே."
மிச்சம் ஐந்து.
உருக்கு விலைக்கு மேல் கிராமுக்கு இருபது ரூபாய்.
"சனியக் காசு குடுத்து வாங்கறீங்க"
என்றபடி எண்ணிக்கொண்டார்.

சங்ககிரி தாண்டியதும் லென்ஸை எடுத்தேன்.
வலது கை வருஷக்கணக்கில்
பீங்கானைச் சுரண்டினால்
கரண்டி நுனி இடதுபக்கம் தேயும்.
நான்கு அப்படித்தான்.
தேய்மானம் என் தொழில்,
பேரிங்கைப் பார்த்தே
பெல்ட் எந்தப் பக்கம் இழுத்தது என்பேன்.
ஐந்தாவது
தேய்ந்திருந்தது வலதுபக்கம்.

பவானிப் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது
மறுபடி பார்த்தேன்.

சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாதா என்று
என் மணிக்கட்டில் ஸ்கேலை உடைத்தார் ஒரு டீச்சர்.
பந்தியில் என்னை ஓரத்தில் உட்காரவைத்தார்கள்,
பக்கத்து இலைமேல் முழங்கை படுமாம்.
லேத்தில் மட்டும் யாரும் கேட்டதில்லை
எந்தக் கையால் திருகுகிறாய் என்று.

ஒன்றாய்க் கழுவி ஒன்றாய் அடுக்கும் பன்னிரண்டில்
ஒன்று மட்டும் இப்படித் தேய
வேளைக்கு வேளை அதை ஒருவர்
தேடி எடுத்திருக்க வேண்டும்.
மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்த துரையோ,
எல்லோரும் தூங்கியபின்
பாத்திர அடியை வழித்துத் தின்ற சமையல்காரரோ.
பிறந்த ஊரும் வருஷமும் சொல்கிற குறி
இதைச் சொல்லாது.

திருநீறு போட்டுத் தேய்க்கவில்லை, குறி மழுங்கும்.
திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் நான்கைச் சுற்றி
டிரில் பிட் டிராயரில் வைத்தேன்.

ராத்திரி தயிர்ச்சோறு.
எவர்சில்வர் தட்டு.
இடது கையால் அடிவரை வழித்தேன்.
விளிம்பு தட்டில் சரியாய்ப் படிந்தது,
யாரோ எனக்கென்றே அரம் போட்டு வைத்ததுபோல்.

கழுவினேன். மைக்ரோமீட்டரில் வைத்தேன்.
சாப்பிடும் முன் இருந்த அதே அளவு.
நோட்டில் எழுதினேன்,
தேதி போட்டு.