நிறுத்தக் கோரிக்கை

இருபத்திரண்டாம் எண் பேருந்தின் இருக்கைகளைப்
பணிமனையில் உரித்துப் போட்டிருந்தார்கள்.
நீலத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள்.
பதினோரு வருடமாகக் குவோப்பியோ ஊரே
உட்கார்ந்து எழுந்த துணி.
"எரிக்கத்தான் போகுது, எடுத்துக்கோ" என்றாள்
இருக்கை தைக்கும் தூலிக்கி.
வாயில் நாலு குண்டூசி இருந்ததால்
மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

நான்கு முறை துவைத்தேன்.
முதல் தண்ணீர் காப்பி.
இரண்டாவது, உருகிய பனியும் காலணிச் சேறும்.
மூன்றாவதில் யாருடைய நாயோ.
நான்காவதை வாளியோடு விளக்கருகே தூக்கிப் பார்த்தேன்.
போதும். இனியும் அலசினால் துணி மிஞ்சாது.

நடுவெல்லாம் தேய்ந்து வழுக்கை.
ஊர் உட்காராத ஓரங்கள்தான் புதுசு:
சன்னல் பக்கத்து மடிப்பு,
கைப்பிடிக்கு அடியில் ஒரு சாண்,
கடைசி வரிசையில், வெப்பக்குழாய்க்குப் பின்னால்,
எவர் முதுகும் எட்டாத ஒரு முழம்.
ஆறு வயதுக்கு அவ்வளவு போதும்.

வண்டி ஓட்டுவேன். தையல் வராது.
முதல் கை, உள்பக்கம் வெளியே பார்த்தபடி வந்தது.
பிரித்தேன்.
இரண்டாவது கை முதலாவதைவிட
இரண்டு விரல் நீளம்.
பிரிக்கவில்லை, மணி ஒன்றாகியிருந்தது.
மூன்று ஊசி முறிந்தது.
உள்துணிக்கு என் பழைய சீருடைக் கம்பளிச் சட்டை,
முழங்கையில் கிழிந்ததுதான்,
முதுகு இன்னும் சூடாகவே இருந்தது.

சனவரியில் இங்கே மூன்று மணிக்கே இருட்டு.
ஒளிப்பட்டை இல்லாத குழந்தை
என் இருக்கையிலிருந்து பார்த்தால்
வெறும் இருட்டின் ஒரு துண்டு.
அதனால் பழைய பாதுகாப்பு மேலங்கியின்
வெள்ளிப் பட்டையில் முயல் வெட்டினேன்.
ஒரு காது கத்திரியோடு போயிற்று.
"மீன் நல்லா இருக்கு" என்றாள் ஹெல்கா.
மீனுக்குக் கயிறு கட்டிப் பையில் தொங்கவிட்டேன்.

பொத்தானுக்குக் கடைக்குப் போகவில்லை.
கம்பியறுந்த நிறுத்தப் பொத்தான் ஒன்று
கருவிப்பெட்டியில் கிடந்தது,
சிவப்பாக, கட்டைவிரல் அகலத்தில்.
கோட்டுக்கும் பொத்தான், அமுக்குவதும் பொத்தான்,
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே.
நெஞ்சுக்கு நேராகத் தைத்தேன்.

முதல் நாளே
அதே புள்ளிகள் கொண்ட இருக்கையில் சாய்ந்து
ஆளே காணாமல் போனாள்.
மளிகைப் பையோடு ஒரு பெண்மணி உட்காரப் போக
"ஆள் இருக்கு" என்றது இருக்கை.

ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் சில்யாவிடம்.
கோட்டும் கூடவே போய் வரும்.
ஞாயிறு ஐந்து மணி, மருத்துவமனை நிறுத்தம்,
வேலை முடிந்த களைப்போடு சில்யா.
ஹெல்காவை இறக்கிவிட்டேன்.
கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டே சில்யா சொன்னாள்:
"ஒரு கை நீளமா இருக்கே."
"அந்தக் கைதான் மொதல்ல வளரும்" என்றாள் மகள்.
சில்யா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
ஆனால் தையலின் மேல் விரலை ஓட்டினாள்,
ஒரு தடவை, முனைவரைக்கும்.

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.
பக்கக் கண்ணாடியில் வெள்ளி மீன்
ஆடி ஆடிச் சிறுத்தது.
அப்புறம் அது நின்றது.
தெருவிளக்கின் கீழே திரும்பி, பேருந்தைப் பார்த்து,
கட்டைவிரலால் நெஞ்சை அமுக்கினாள்.

கம்பி இல்லை. மணி ஒலிக்கவில்லை.
என் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியவில்லை.
பதினோரு வருடப் பழக்கம்,
கால் என்னைக் கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன். ஓடி வந்தாள்.
"என்ன?"
"ஒண்ணுமில்ல.
வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

அன்றைய பதிவேட்டில்
தாமதம்: இரண்டு நிமிடம்.
காரணம்: பயணி கோரிக்கை.