மூன்றரை டன்

பிப்ரவரி. ப்ரேமனில் ஜன்னலுக்கு வெளியே ஈரப்பனி.
சமையலறை மேசைமேல் ஸ்வீடன் விரிந்து கிடக்கிறது,
அதன் வடக்கு மட்டும் விளிம்பில் தொங்குகிறது.

குளியலறை எடை மெஷினைத் தூக்கி வந்துவிட்டான் ஹென்னிங்.
மூன்றரை டன்னுக்கு மேல் ஒரு கிலோ ஆகாதாம் வண்டிக்கு.
சைக்கிள் இரண்டும் சேர்த்து ஐம்பத்தொன்று.
பின்னால் மாட்டும் தாங்கி பதினெட்டு.
இரும்பு வாணலி வேண்டாம்.
என் சிவப்பு ரப்பர் பூட்ஸை நிறுத்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் கதவோரம் வைத்தான்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
என்னையும் ஏறச் சொன்னான்.

ஏறினேன். எண்ணை நான் படிக்கவில்லை.
அந்த அரையடி உயரத்திலிருந்து வரைபடம் தெரிந்தது:
பச்சைக்குள் நீலம், கைதவறிச் சிந்தின மாதிரி.
ஓர் ஏரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
காட்டுக்குள் விட்டுவிட்டுப் போகும் ஒரு கோடு.
வண்டி நுழையாது. சைக்கிள் நுழையும்.
இறங்கி, அதன்மேல் பென்சிலை ஓட்டினேன்.

“தண்ணீர்த் தொட்டி, நூறு லிட்டர், நூறு கிலோ”
எழுதிக்கொண்டிருந்தான்.

ஹென்னிங், என்றேன்,
இத்தனை ஏரிக்கு நடுவில் போக
தண்ணீரையா சுமக்கப்போகிறோம்?

நிமிர்ந்தான். முதல்முறையாக வரைபடத்தைப் பார்த்தான்.
நூறை அடித்து இருபது என்று போட்டான்.

பூட்ஸ் உள்ளே வந்தது.
வாணலியும்.