உரிக்காத முத்திரை

செம்பனை ஆலையின் எடைமேடையில்
நான் எழுதுவது இரண்டே எண்கள்:
லாரி உள்ளே வரும்போது ஒன்று,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒன்று.
கழித்தால் வருவது சரக்கு.
பாடாங் செராயில் பத்து வருஷமாய்
இந்தக் கழித்தலுக்குத்தான் சம்பளம்.

வீட்டில் வேறு கணக்கு.
பிஸ்கட் டின்னில் பஞ்சு விரித்து ஒன்பது உருப்படிகள்.
கணினிக்குள் மட்டும் இருக்கும் காசை
கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள்
ஆரம்ப நாளில் வார்த்த பித்தளை,
வெட்டிய மரவில்லை,
லேமினேட் செய்த தாள் ஒன்று, அதன் கறுப்புக் கட்டங்கள்
கறையான் ருசி பார்த்த மாதிரி.
திரை செத்துப்போன கட்டைவிரல் கருவியும் உண்டு.
அதை அனுப்பிய ஈப்போக்காரர்
கடவுச்சொல் மறந்த கதையையும் சேர்த்தே விற்றார்,
கதைக்குத் தனியாக இருபது வெள்ளி.

நோட்டில் நான்கு பத்தி:
என்ன, எப்போது, எவ்வளவு, யாரிடமிருந்து.
கடைசிப் பத்திக்குத்தான் எப்போதும் இடம் போதாது,
எழுத்து ஓரத்தில் ஏறிக்கொண்டு போகும்.

முதல் உருப்படி நான் வாங்கியதில்லை.
கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்த காலம்.
லைன் லீடர் கோக் லியோங்
என்னிடம் கடன் வாங்கிய அறுபது வெள்ளிக்கு
ஒரு பித்தளை வில்லையை நீட்டினான்.
"இதுவும் காசுதான், தமயந்தி."
"எந்தக் கடையில?" என்றேன்.
சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.
அடுத்த மாதம் ஜொகூருக்கே போய்விட்டான்.

பின்பக்கம் மினுங்கும் ஒட்டுவில்லை.
சாய்த்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை.
அதற்கடியில் மடித்த தாளில் சாவி.
உரித்தால் காசு கைக்கு வரும்,
ஆனால் ஒட்டியிருந்த இடத்தில்
தேன்கூடாய்த் தடம் விழுந்து
வில்லை செத்துவிடும்.
உரிக்காவிட்டால் வில்லை பிழைக்கும்,
உள்ளே சாவி இருக்கிறது என்பது
செய்தவனின் வாய்வார்த்தை மட்டும்.

"உரிச்சிடேன்" என்பார் சந்திரமோகன்,
கூரை ஒழுகும் ஒவ்வொரு மழைக்கும்.
விலை ஏறிய வருஷம்
மழை இல்லாமலும் சொன்னார்.
ஒரு ராத்திரி நகத்தை ஓரத்தில் வைத்தேன்.
பிறகு நகத்தை வெட்டிக்கொண்டேன்.

பசார் மாலாமில் பழம்பொருள் விரிக்கும் ஹம்சாவிடம்
தோட்டத்து டோக்கன் ஒன்று கிடைத்தது.
நடுவில் ஓட்டை, விளிம்பில் தோட்டத்தின் பேர்.
அந்தத் தோட்டத்துக் கடையைத் தாண்டினால்
ஒருத்தரும் வாங்காத துட்டு.
நோட்டின் தலைப்பு "கணினிக் காசு" என்று இருந்தது.
தலைப்பை அடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

பித்தளை வில்லையின் முகவரியை யாரும் பார்க்கலாம்.
சம்பள நாளில் போனில் தட்டிப் பார்ப்பேன்.
ஒன்று என்று காட்டும்.
போன மார்ச்சில் சுழியம்.

லைன் கிடைக்கவில்லையோ என்று
வாசலுக்கு வந்து தட்டினேன்.
சுழியம்.
ஒட்டுவில்லையில் கீறல் இல்லை,
நீலம் நீலமாய், பச்சை பச்சையாய்.
செய்த கையிலோ, அந்தக் கை பழகிய கையிலோ
சாவிக்கு இன்னொரு நகல் இருந்திருக்கிறது,
இத்தனை வருஷமும் அவசரப்படாமல்.

நகைக்கடைத் தராசில் வைத்தேன்.
பழைய எடை நோட்டில் இருந்தது.
ஒரு புள்ளி குறையவில்லை.
என் மேடையில் இது நடக்காது.
காலி லாரி, காலி என்று சொல்லிவிடும்.

பினாங்கிலிருந்து ஒருவர் அழைத்தார்.
"முத்திரை உடையலதானே?"
"உடையல."
"உள்ள?"
"எடுத்துட்டாங்க."
கொஞ்ச நேரம் அவர் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு ஒரு விலை சொன்னார்,
நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு.
"உடையாமலே காலியானது எங்கிட்ட இல்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.
நோட்டில் ஐந்தாவது பத்திக்குக் கோடு போட்டேன்:
யாருக்கு.
காசு போய்ச் சேர்ந்த முகவரி போனில் தெரிகிறது,
பேரில்லை, ஊரில்லை,
பெரிதும் சின்னதுமாய் முப்பத்துநாலு எழுத்து.
பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.
பத்தொன்பதாவது எழுத்தில்
மேடையேறிய லாரி ஹாரன் அடிக்கிறது.
இரு, வருகிறேன்.