ஆடி மாசத்து ஒறம்பரை

ஆடியில்தான் எங்களுக்கு முகூர்த்தம்.
மேளம் இல்லாத மாசம், மண்டபம் சும்மா கிடக்கும்.
சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால்
காலை ஏழு மணிக்கெல்லாம்
வாடகை கேட்காமல் திறந்து விடுவார் மேனேஜர்.

பந்தி மேசைகளை ஓரங்கட்டிவிட்டு
பவானி ஜமக்காளத்தை நீளவாக்கில் விரிப்பாள் நஸ்ரின்.
சிவப்பு, பச்சை, நீலம், திரும்பவும் சிவப்பு.
"பட்டைக்கு ஒரு எட்டுங்கண்ணா.
காலை மறந்துருங்க, பட்டையை மட்டும் பாருங்க."

முப்பத்திரண்டு வருசம் பதினாலு சக்கரம் ஓட்டினவன் நான்.
குவாஹாட்டிவரை போய் வந்த கால் இது.
இப்போது மிதிக்காமலே பிரேக் விழுகிறது,
வாசப்படியில், கதவிடுக்கில், திரும்பும் இடத்தில்.
உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது,
கை அதிர்வதே சாட்சி.
வண்டி மட்டும் நகராது.

விவினுக்கு இருபத்தேழு வயசு.
ஸ்கேன் பார்த்து டாக்டர் சொன்னதை
என் பாஷையில் அவனுக்குச் சொன்னேன்:
வயருக்கு மேலே ரப்பர் அங்கங்கே உரிஞ்சு போச்சு தம்பி.
சிரித்தான். அன்றைக்கு மட்டும்.
வெயில் ஏறினால் அவனுக்குக் கால் கனக்கும்.
அதனால்தான் ஏழு மணி.

தெய்வாத்தாளுக்கு இடது பக்கம் விழுந்து பாதி எழுந்தது.
வலது கையால் பந்தைப் பிடித்துக்கொண்டு
இடது கையைத் திட்டுவாள்:
"ஏண்டி, உனக்கு மட்டும் தெனமும் நோம்பியா?"

ஆவணி பிறந்தது, ஜமக்காளம் சுருண்டது.
முதல் முகூர்த்தமே மேனேஜர் மகளுக்கு.
எங்கள் எல்லோருக்கும் பத்திரிகை.

மொய் வரிசை. முன்னால் வெள்ளை டைல்ஸ்.
ஒரு கோடில்லை, ஒரு நிறமில்லை.
விழுந்தது பிரேக்.
பின்னால் இருபது பேர்.
"சித்தெ நகருங்க பெரியவரே."
கவருக்குள் ஐநூற்றொன்றும் நடுங்கியது.

சட்டென்று என் காலுக்கு முன்னால்
குறுக்கே வந்து விழுந்தது ஒரு ஊன்றுகோல்.
"ஏனுங், சண்டையா?" என்றார் யாரோ.
மொய் மேசையைப் பிடித்தபடி
ஒற்றைக் கால் பலத்தில் நின்றிருந்தாள் தெய்வாத்தாள்.
"தாண்டுங்."

தாண்டினேன்.
அடுத்த எட்டு தானாக வந்தது. அதற்கடுத்ததும்.

நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார் எழுதுகிறவர்:
"பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ளை ஊடுங்களா?"
"ஆடி மாசத்து ஒறம்பரைங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும்.
மொதல்ல கோலை எடுத்துக் குடுங்,
நான் உழுந்து தொலையப் போறேன்" என்றாள் அவள்.

குனிவது எங்களுக்கு மூணாம் வாரத்துப் பாடம்.
மெதுவாகத்தான் குனிந்தேன்.