ஹியூமிடிஃபயர், எட்டாம் மாசம்

அட்டைப்பெட்டியில் ஐந்து வருடம் என்றிருந்தது.
பல்லடத்தில் எட்டே மாசம்.

சென்னியப்பன் திருப்புளியால் திறந்தான்.
காசளவு தகடு,
வெந்நீர்ப் போசியின் அடி மாதிரி
அதன்மேல் சுண்ணாம்பு.
"போர் தண்ணிங்களாக்கா ஊத்துனீங்க?"

ஆமாம்.
ஆற்றுத் தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒருக்கா,
குடிக்க மட்டும்.
ராத்திரியெல்லாம் இது துப்பிய வெண்பொடியை
டிவிமேல் துடைத்துத் துடைத்து
மில்லுப் பஞ்சென்று
என் சேலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மில்லில் நூல் அறாதிருக்க
மூன்று ஷிப்டும் ஈரக்காற்று.
அந்த மெஷினுக்கு
உப்பெடுத்த தண்ணீர், தனி டேங்க்,
கழுவ ஓர் ஆள்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊற வைங்க.
ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

தர்ஷித்துக்கு இருமல் விட்டபாடில்லை.
குடிக்கிற குடத்தில் ஒரு சொம்பு மொண்டு
இதற்கு ஊற்றினேன்,
மாமியார் பார்க்காத நேரத்தில்.