தண்ணீர் நீங்கலாக

மில்டுராவில் வழக்கறிஞரின் மேசைக்கு முன்னால்
நாங்கள் இரண்டு பெண்கள், ஒரு பேனா.
ஆறு ஏக்கர். பட்டுப்போன திராட்சை.
கூரையில் ஓட்டை விழுந்த தகரக் கொட்டில்.
ஆலையில் பத்து வருஷம் பாதாம் கோதுக்குள் இருமிய காசு.

"ஒருவர் செத்தால்," என்று கேட்டார் அவர்,
"பங்கு மற்றவருக்கா, பிள்ளைகளுக்கா?"
ஙாத்தினி சிரித்தாள்.
"முதலில் சாகிறவளைக் கேட்டுச் சொல்கிறோம்."

ங.
அரிச்சுவடியில் வளைத்து வளைத்துப் பழகிவிட்டு
அதற்குப் பிறகு எந்தச் சொல்லையும் அதில் நான் தொடங்கியதில்லை.
அது ஜாவாவிலிருந்து வந்து
என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது.

கேட்க வேண்டியதை நான் கேட்டேன்:
"தண்ணீரில் எத்தனை பங்கு?"
எங்கள் ஊர் உறுதிகளில் அது கடைசி வரியில் வரும்.
கிணற்றில் பன்னிரண்டில் ஒன்று, வழி வாய்க்கால் உட்பட.
அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்காக
என் சித்தப்பாமார் இரண்டு பேர்
ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் கைநனைக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
தண்ணீர் இல்லை.
முந்தின சொந்தக்காரர் வறட்சி வருஷத்தில்
அதை மண்ணிலிருந்து பிரித்து விற்றுவிட்டார்.
வாங்கியது ஏதோ ஒரு கம்பெனி.
"வாய்க்கால் வேலியை உரசிக்கொண்டு ஓடுகிறதே?"
"ஓடும்," என்றார். "பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசில்லை."

திரும்பும் வழியெல்லாம் ஙாத்தினி பேசிக்கொண்டே வந்தாள்.
அவள் ஊரில் மண் ஒருவனுக்கு,
அதில் நிற்கும் தென்னை வேறொருவனுக்கு,
விழுகிற மட்டை முதலில் கண்டவளுக்கு.
அறுப்புக்கு வருகிறவளை வராதே என்று சொல்ல முடியாது;
எட்டுக் கட்டில் ஒன்று அவளுடையது.
"நல்ல ஊர்," என்றேன்.
"நல்ல ஊரா? அப்பாவின் வயலை ஆறாய்ப் பிரித்ததில்
என் துண்டில் எருமை திரும்ப இடமில்லை.
முன்கால் என் வயலில், பின்கால் தங்கை வயலில்.
அவளுக்கே விற்றுத்தான் விமானம் ஏறினேன்."

தை மாசம். நாற்பத்தைந்து டிகிரி.
கம்பெனியின் தண்ணீர் எங்களைத் தாண்டி
யாரோ ஒருவருடைய பாதாமுக்குப் போய்க்கொண்டிருந்தது.
எங்கள் மழைத்தொட்டியில் வண்டல்.

ஒரு காலை என் செருப்பு மண்ணில் ஒட்டியது.
வாய்க்காலின் சீமெந்தில் விரிசல்.
எங்கள் பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஈரம்.

அவள் எங்கிருந்தோ தண்டுகள் கொண்டுவந்து ஊன்றினாள்.
நான் கங்குன் என்றேன்.
அவள் கங்குங் என்றாள்.
கடைசியிலும் அவளுக்கு அந்த எழுத்துத்தான்.

மாசியில் வாய்க்கால் பரிசோதகர் வந்தார்.
டாரல். நாடா, படிவம், மூக்கில் வெள்ளைக் களிம்பு.
விரிசலைப் படம் எடுத்தார். ஈரத்தை
நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை அளந்தார்.
"இது கசிவு. கசிவுக்கு ஆள் கிடையாது,
இழப்பு என்று எழுதிவிடுவோம்," என்றார்.
கீரையைப் பார்த்தார். படிவத்தைப் புரட்டினார்.
அதற்கு அதில் கட்டம் இல்லை.

ஙாத்தினி அரிவாளோடு குனிந்தாள்.
எண்ணி எட்டுக் கட்டுக் கட்டினாள்.
ஒன்றைக் கொண்டுபோய் அவர் வண்டியின் முன் இருக்கையில் வைத்தாள்.
"அவர் அறுக்கவே இல்லையே," என்றேன்
தமிழில், அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து.
"எப்படிச் சமைக்கிறது?" என்று கேட்டார் டாரல்.

பங்குனியில் கடிதம். இரண்டு பேருக்கும் ஒரே உறை.
வாய்க்காலை மூடிக் குழாய் புதைக்கிறார்கள்,
ஒரு சொட்டுக்கூட இனி இழப்பாகாது.
அவள் பெயரில் முதலெழுத்தை விட்டிருந்தார்கள்.
காத்தினி என்று வந்திருந்தது.

கூரை ஓட்டைக்கு வைத்திருந்த வாளியைக் கவிழ்த்து
கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அவள்.
கடிதத்தை வாசித்துச் சொன்னேன்.

"குழாயும் ஒருநாள் வெடிக்கும்," என்றாள்.

எந்தப் பக்கமாக என்றுதான்
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.