லிஃப்ட் போதாது

டக்கார் துறைமுகத்துக்கு இரண்டு கிரேன் போகிறது,
கூடவே நீயும் போ, மூன்று மாதம் என்றார்கள்.
அன்றிலிருந்து ஜூ கூன் தொடங்கி சீமெய் வரை
ரயிலில் காதுக்குள் வொலொஃப்.

ஞாட்டா லா? என்ன விலை.
ரோமன் எழுத்தில் அதன் தலைமேல் ஒரு புழு நெளியும்.
நான் ஞ போட்டு எழுதிக்கொண்டேன்,
நம்மிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வரும் எழுத்து.

நங்க டெஃப்? எப்படி இருக்கிறாய்.
மா ங்கி ஃபி ரெக். இங்கேதான் இருக்கிறேன், அவ்வளவே.
நலம் என்று நடிக்க வேண்டியதில்லை,
இருந்தால் போதும்.
சொல்லுக்கு முதலில் வராதே என்று
இலக்கணம் பின்வரிசையில் உட்காரவைத்த ங
அங்கே எழுந்து மூக்கால் பேசுகிறது.

பழுதுபார்க்க வந்து நின்ற கப்பலில்
சமையல்காரன் லாமின் ஃபாய்.
கேண்டீனில் என் முணுமுணுப்பு கேட்டு
தட்டோடு வந்து எதிரில் அமர்ந்தான்.
விலை கேட்குமுன், வழி கேட்குமுன்
வீட்டாரைக் கேட்க வேண்டுமாம்.
நக்கா வா கர் க? அங்கேதான் இருக்கிறார்கள்.
அம்மா? அங்கேதான்.
பிள்ளைகள்? அங்கேதான்.
சோறு ஆறியது.

நக்கா சந்த் வா? உன் குடும்பப்பெயர்?
அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வதுதான் மரியாதை:
ஃபாய், ஃபாய்.
எனக்கு இருப்பது ஓர் எழுத்து.
டி. செம்மலர். டி என்றால் அப்பா தில்லைமுத்து.
"டீ, டீ" என்று பணிவாகக் கை குலுக்கினான்.
பானக்கடைக்காரி இரண்டு தே கொண்டுவந்து வைத்தாள்.
சிரித்தேன். பிறகு நினைவு வந்தது:
என்னைக் கடைசியாக 'டி' போட்டு அழைத்தவள் கமலி,
பொங்கோலுக்குக் குடிபோய் ஆறு வருடம்.

காசு அவன் கொடுத்தான்.
ஜெரெஜெஃப் என்றேன்.
ஞோ கோ பொக் என்றான்:
நன்றிக்கு அவர்கள் ஊர் பதில்,
இது நம் இருவருக்கும் பொது.

மே மாதம் பயணம் ரத்து.
கிரேன்கள் மட்டும் கப்பலேறின.
வண்டி எங்கே, வலப்பக்கமா, குறைத்துக் கொடு
எல்லாம் நாக்கில் செல்லாத வெள்ளி.
மா ங்கி ஃபி ரெக் மட்டும்
எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

என் புளோக்கில் பதினான்காம் மாடியிலிருந்து
தரைக்கு இருபத்திரண்டு நொடி.
எண்ணிப் பார்த்திருக்கிறேன், வேறென்ன செய்ய,
யாரும் யாரிடமும் பேசுவதில்லை.
இன்று சைக்கிளோடு ரிட்வான்.
ஆப்பா கபார் என்றேன்.
பாய்க் என்றான், கதவைப் பார்த்தபடி.
ஒன்பதாம் மாடி.
வீட்டில் எல்லாரும்?

ஒரு காதிலிருந்து கருவியை எடுத்தான்.
ஐந்து.
"மனைவியை நேற்று ராத்திரி சேர்த்திருக்கிறேன்.
குழந்தை இன்னும் திரும்பவில்லை என்கிறார்கள்."
மூன்று. இரண்டு.

இதற்கு எந்த மொழியிலும் நான் வாக்கியம் படிக்கவில்லை.
கதவு திறந்தது.
சைக்கிள் பாதி வெளியே.
பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்,
லிஃப்ட் கத்துகிறது,
அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.